இருபத்தொன்று புள்ளி நான்கு

எங்கள் தொழிற்சாலை ஆய்வகத்துக்கு ஒரு கெமிஸ்ட் வேண்டும் என்று விளம்பரம் கொடுத்தபோது, ஒரு வாரத்தில் முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். கடலூரிலும் சிதம்பரத்திலும் வேதியியல் படித்தவர்களுக்குக் குறைவில்லை. ஒரு தெருவுக்கு இரண்டு பேராவது இருப்பார்கள்.

நான் செம்மங்குப்பத்தில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் ஆள் எடுக்கும் வேலையில் இருக்கிறேன். வீடு சிதம்பரத்தில். காலையில் கீழ வீதி முனையில் கம்பெனி பஸ் ஏறினால் வெள்ளாற்றுப் பாலம், பு.முட்லூர், புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் என்று நின்று நின்று எட்டு மணிக்குக் கேட்டுக்குள் போய்விடும். விளம்பரம் வந்துவிட்டால் அந்த பஸ்ஸிலேயே எனக்கு வேலை தொடங்கிவிடும். பக்கத்து சீட்டுக்காரர் தன் மச்சான் மகனின் பயோடேட்டாவைப் பையிலிருந்து எடுப்பார். வீட்டுக்குத் திரும்பினால் மாடி வீட்டுக்காரர் வாட்ஸப்பில் இரண்டு அனுப்பியிருப்பார். எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வேன். சிபாரிசோடு வந்தவர், சிபாரிசில்லாமல் வந்தவர் என்று பிரிப்பதில்லை. அந்த விஷயத்தில் நான் நேர்மையானவன் என்று எனக்கு ஒரு நினைப்பு உண்டு.

என்னுடைய முறை எளிமையானது. வந்த விண்ணப்பங்களை அச்செடுத்து மேஜையில் மூன்றாகப் பிரிப்பேன். கூப்பிட வேண்டியவை, பிறகு பார்க்கலாம் என்பவை, வேண்டாதவை. படித்து முடித்து நாலைந்து வருடம் வேலை எதுவும் செய்யாமல் இருந்தவர்கள் நேராக மூன்றாவது கட்டுக்குப் போய்விடுவார்கள். அவர்களில் பெரும்பாலோர் கல்யாணமான பெண்கள். இதை யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்கு முன்னால் இருந்தவர் அப்படிச் செய்தார், நானும் செய்தேன்.

இந்த முறை ஆய்வகத் தலைவி வேறு மாதிரி கேட்டார். ஐம்பது வயதைத் தாண்டியவர், கடலூர் முதுநகர்க்காரர். ஆய்வகத்தில் செருப்புச் சத்தம்கூடக் கேட்கக் கூடாது என்று நினைப்பவர். அதற்கு முந்தைய இரண்டு வருடங்களில் நான் எடுத்துக் கொடுத்த மூன்று பேரும் நல்ல மார்க் வாங்கியவர்கள். மூன்று பேரும் அவரிடம் நிலைக்கவில்லை.

"மார்க்க வெச்சு நான் என்னா சார் பண்றது? பியூரெட்ட கையில குடுங்க. பத்து நிமிஷத்துல ஆள் யாருன்னு தெரிஞ்சிடும்" என்றார்.

சரி, நேர்முகத்துக்கு முன்னால் ஒரு செய்முறைத் தேர்வு வைக்கலாம் என்று முடிவானது. பிளஸ் டூவில் அறிவியல் படித்த எவரும் செய்திருக்கக்கூடிய டைட்ரேஷன்தான். ஒரு குடுவையில் இருபது மில்லி அமிலம் எடுத்து, அதில் நிறம் காட்டும் மருந்து இரண்டு சொட்டு விட வேண்டும். மேலே பியூரெட் என்கிற நீளமான கண்ணாடிக் குழாயில் காஸ்டிக் சோடாக் கரைசல் இருக்கும். அதைச் சொட்டுச் சொட்டாகக் குடுவைக்குள் இறக்க வேண்டும். நிறமில்லாமல் இருக்கும் அமிலம் ஒரு சொட்டில் லேசான ரோஸ் நிறத்துக்கு மாறி நிற்கும். அதுவரை குழாயிலிருந்து எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்துத் தாளில் எழுத வேண்டும். அவ்வளவுதான்.

ஆறு பேரைக் கூப்பிட்டேன். முந்தின நாள் மாலையில் ஒருவர் சென்னையில் வேலை கிடைத்துவிட்டது என்று செய்தி அனுப்பிவிட்டார். ஒரு பதவிக்கு ஆறு பேரையாவது பார்க்க வேண்டும் என்பது எங்கள் கம்பெனி வழக்கம். இரண்டாவது கட்டில் இருந்தவர்களில் யாருமே மறுநாளைக்கு வர முடியாது என்றார்கள். அதனால் மூன்றாவது கட்டின் மேலே இருந்த தாளை எடுத்தேன். பரங்கிப்பேட்டைக்காரப் பெண். சிதம்பரம் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. படித்தவர். படிப்பு முடிந்து ஏழு வருடம் வெற்றிடம். கணக்குக்கு ஒரு ஆள் வேண்டும் என்பதற்காகத்தான் அவரைக் கூப்பிட்டேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலை அவர்தான் முதலில் வந்தார். முக்காடு போட்டு, மேலே வெள்ளைக் கோட்டு. கோட்டு பழையது, கல்லூரியில் போட்டதாக இருக்க வேண்டும். கை மடிப்பில் மஞ்சளாகியிருந்தது. மற்ற ஐந்து பேரும் இருபத்தைந்துக்குள். அவர்களில் சேத்தியாத்தோப்பிலிருந்து வந்திருந்த ஒரு இளைஞன் எனக்குப் பார்த்த உடனே பிடித்துப்போனான். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொன்னான். சட்டையை இஸ்திரி போட்டு வந்திருந்தான்.

தேர்வின்போது நானும் உள்ளே நின்றேன். பாதியில் அந்தப் பெண் என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார். அருகே போனேன். மெதுவான குரலில், "சார், சோடாக் கரைசல் பழசா இருக்குமோன்னு தோணுது. வேற பாட்டில் இருந்தா குடுக்குறீங்களா?" என்றார்.

எல்லோருக்கும் ஒரே கரைசல்தான், கொடுத்ததை வைத்துச் செய்யுங்கள் என்றேன். ஆய்வகத் தலைவி அப்போது மறுகோடியில் இன்னொருவரின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் இதை நான் சொல்லவும் இல்லை. பயத்தில் சாக்கு தேடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

விடை இருபது மில்லி வர வேண்டும். அமிலப் பாட்டில், சோடாப் பாட்டில் இரண்டின் லேபிளிலும் ஒரே வலு எழுதியிருந்தது. இருபது எடுத்தால் இருபது இறங்க வேண்டும் என்பது கணக்கு. நான்கு பேர் பத்தொன்பது புள்ளி ஒன்பது, இருபது, இருபது புள்ளி ஒன்று என்று எழுதியிருந்தார்கள். ஒருவர் கட்டுப்பாடில்லாமல் திறந்துவிட்டு இருபத்து நான்கு என்று எழுதியிருந்தார். பரங்கிப்பேட்டைப் பெண்ணின் தாளில் நான்கு எண்கள். முதல் எண் இருபத்திரண்டு. அதை அடித்துவிட்டுப் பக்கத்தில் "அதிகமாகிவிட்டது" என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே இருபத்தொன்று புள்ளி நான்கு, இருபத்தொன்று புள்ளி ஐந்து, மறுபடி இருபத்தொன்று புள்ளி நான்கு.

"கை மறந்துபோச்சு பாவம். ஏழு வருஷம் ஜாஸ்தி சார்" என்றார் ஆய்வகத் தலைவி. நானும் தலையாட்டினேன். தாளின் அடியில் பொடி எழுத்தில் ஏதோ எழுதியிருந்ததை இருவருமே படிக்கவில்லை.

சேத்தியாத்தோப்பு இளைஞனைத் தேர்ந்தெடுத்தோம். மறுநாள் அவனுக்குப் போனில் சொன்னேன். மருத்துவப் பரிசோதனை முடிந்ததும் ஆர்டர் கையில் கிடைக்கும் என்றேன். மற்றவர்களுக்கு மூன்று நாள் கழித்து, எதிர்காலத்தில் வாய்ப்பு வந்தால் தெரிவிப்போம் என்ற வழக்கமான வரியை அனுப்பினேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மதியம் ஆய்வகத் தலைவி என்னைக் கூப்பிட்டனுப்பினார். அவர் என் அறைக்கு வருவார், அல்லது போனில் பேசுவார். கூப்பிட்டனுப்பியது அதுதான் முதல் தடவை. போனபோது மேஜையில் அந்த ஆறு தாள்களும் விரித்து வைக்கப்பட்டிருந்தன.

நடந்தது இதுதான். தேர்வுக்கு வைத்த காஸ்டிக் சோடாக் கரைசல் மீதமிருந்திருக்கிறது. காலை ஷிப்டில் இருந்தவர் அதை எடுத்து ஒரு பேட்சைச் சோதித்திருக்கிறார். கணக்கு உதைத்திருக்கிறது. ஆய்வகத் தலைவி கரைசலையே சோதித்துப் பார்த்தார். வலு குறைந்திருந்தது. காஸ்டிக் சோடா காற்றுப் பட்டால் மெல்ல மெல்ல வலு இழக்கும். மூடி சரியாக மூடாத பழைய பாட்டிலிலிருந்து, தேர்வு அவசரத்தில் அவரே ஊற்றி லேபிள் ஒட்டியிருக்கிறார். அந்த வலுவுக்குக் கணக்குப் போட்டால் இருபது வராது.

"இருபத்தொன்னு புள்ளி நாலு வரணும் சார்" என்றார். பிறகு அந்தப் பெண்ணின் தாளை என் பக்கம் தள்ளினார். "அந்தப் பொண்ணு மட்டுந்தான் சரியாப் பண்ணி, கண்ணால பாத்தத எழுதியிருக்கு. இருபதுன்னு எழுதுன நாலு பேரும் லேபிளப் பாத்து எழுதியிருக்காங்க."

அவர் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் அந்தப் பொடி எழுத்தைப் படித்தேன். "காஸ்டிக் சோடாக் கரைசலை மறுபடி சரிபார்க்க வேண்டும்" என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டிருந்தார்.

அன்று அவர் வேறு பாட்டில் கேட்டதும் நான் மறுத்ததும் நினைவுக்கு வந்தன. அந்த நான்கு பேர் மேல் கோபம் வந்ததா என்றால், இல்லை. நானும் கடலூரில் பி.எஸ்சி. வேதியியல் படித்தவன்தான். செய்முறைத் தேர்வில் எனக்கு வந்த எண் ஒன்று, எழுதிய எண் ஒன்று. சரியான எண் என்ன என்று முதல் வரிசை மேஜையிலிருந்து கடைசி மேஜை வரை காதோடு காதாக வந்துவிடும். அதை எழுதாதவன்தான் அன்று முட்டாள். எனக்குக் கிடைத்த மார்க்கும் நல்ல மார்க்தான். அந்த மார்க்கைக் காட்டித்தான் மேலே படித்தேன். இந்த வேலைக்கும் வந்தேன்.

ஆலை மேலாளரிடம் இருவரும் போனோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பையனுக்குச் சொல்லியாயிற்று, அவனையே சேர்த்துப் பழக்கிக்கொள்ளுங்கள், இதைப் பெரிதாக்க வேண்டாம் என்றார். ஆய்வகத் தலைவி அசையவில்லை. தப்பு என் பாட்டிலில் நடந்தது, அதை எழுதிக் கொடுக்கிறேன், ஆனால் இங்கே உட்கார்ந்து எண் எழுதப்போகிறவரை நான்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றார். அவர் இப்படிப் பேசி நான் பார்த்ததில்லை. மேலாளர் கடைசியில், பையனிடம் முதலில் பேசுங்கள், பிறகு முடிவெடுங்கள் என்றார்.

மறுநாள் அவனை வரச் சொன்னேன். ஆர்டர் வாங்க வந்ததாக நினைத்துக்கொண்டு வந்தான். என் அறையில் உட்கார வைத்து, அன்றைக்கு உனக்கு உண்மையில் என்ன ரீடிங் வந்தது என்று கேட்டேன். இருபது என்றான். கரைசல் விஷயத்தைச் சொன்னேன். கையிலிருந்த பைலை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான்.

"இருபத்தொன்னு புள்ளி ஆறு வந்துச்சு சார். நாம ஏதோ தப்பு பண்ணிட்டோம்னு நெனச்சேன். காலேஜ்ல வேல்யூ மாறிச்சுன்னா ரெக்கார்டுல கையெழுத்து போட மாட்டாங்க. திரும்பப் பண்ணச் சொல்லவும் மாட்டாங்க, டைம் இல்லம்பாங்க. மாத்தி எழுதிக்கிட்டு வான்னுதான் சொல்வாங்க."

"எனக்கும் அப்படித்தான் சொன்னாங்க" என்றேன்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். இன்னொரு தடவை தேர்வு வைக்க முடியுமா என்று கேட்டான். ஆய்வகத் தலைவி ஒப்புக்கொண்டார். லேபிள் இல்லாத இரண்டு பாட்டில்களை வைத்தார். அவன் ஒரு மணி நேரம் செய்தான். ஐந்து ரீடிங் எடுத்தான். ஐந்தும் ஐந்து விதமாக இருந்தன. ஒன்றையும் மாற்றாமல் அப்படியே எழுதிக் கொடுத்தான். கை இன்னும் பழகவில்லை, ஆனால் இந்தத் தடவை பொய் இல்லை என்றார் ஆய்வகத் தலைவி. இருந்தது ஒரே ஒரு இடம். அப்ரெண்டிஸாக ஒரு வருடம் இருக்கிறாயா என்று கேட்டுப் பார்த்தேன். வீட்டில் வேலை கிடைத்துவிட்டது என்று சொல்லியாயிற்று, அப்ரெண்டிஸ் என்று போய்ச் சொல்ல முடியாது சார் என்றான். கை கொடுத்துவிட்டுப் போனான். கேட் வரை நானும் கூடவே நடந்தேன்.

பிறகு பரங்கிப்பேட்டைக்குப் போன் செய்தேன். விண்ணப்பத்தில் இருந்தது மாமனாரின் எண். நான் யார் என்று சொன்னதும், "மருமவளுக்கு ஸ்கூல்ல வேல கெடச்சிருக்கு தம்பி. வர்ற திங்கக்கெழம சேருது" என்றார். நேரில் வந்து பேசலாமா என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் என்றார்.

பைக்கில் போனேன். பு.முட்லூரில் திரும்பி, கடற்கரைப் பக்கம் போகும் சாலையில் வீட்டைக் கண்டுபிடிக்க நேரமாகவில்லை. வழியெல்லாம் எனக்குள் ஒரு பேச்சைத் தயாரித்துக்கொண்டே போனேன். மருமகளைத் தொழிற்சாலைக்கு அனுப்ப அந்த வீட்டில் சம்மதிக்க மாட்டார்கள், நான்தான் அவர்களுக்குப் புரியவைக்க வேண்டும் என்று ஒரு எண்ணம். போய் உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷமே அந்த எண்ணம் பயனில்லாமல் போனது. டீயும் வட்டலப்பமும் கொண்டுவந்து வைத்த மாமியார், எதிரே உட்கார்ந்து என்னை விசாரிக்கத் தொடங்கினார். பஸ் எத்தனை மணிக்கு முட்லூர் வரும், சாயந்திரம் எத்தனை மணிக்குக் கொண்டுவந்து விடும், ஆய்வகத்தில் வேறு பெண்கள் இருக்கிறார்களா?

"அந்தப் பக்கம் போனாலே நெடியடிக்கும்னு சொல்றாங்களே. மாஸ்க்கு, கண்ணாடியெல்லாம் குடுப்பீங்களா, நாமளே வாங்கணுமா?" என்று கேட்டார்.

கம்பெனி கொடுக்கும் என்றேன். போட்டுக்கொள்கிறார்களா என்று யாராவது பார்ப்பார்களா என்று அடுத்த கேள்வி வந்தது. என் வாழ்க்கையில் எந்த நேர்முகத் தேர்விலும் நான் அவ்வளவு வியர்த்ததில்லை. விண்ணப்பம் அனுப்பச் சொன்னதே மாமியார்தான் என்பது பேச்சுவாக்கில் தெரிந்தது. அவருக்கு மூன்று வருடம் முன்பு உடம்பு முடியாமல் போயிருந்திருக்கிறது. அப்போது மருமகள்தான் கூடவே இருந்து பார்த்திருக்கிறார். மகன் சவூதியில். பேரன் இரண்டாம் வகுப்பு. "இனிமே அவன நான் பாத்துக்குவேன். அது படிச்ச படிப்புக்குப் போவட்டும்" என்றார்.

அந்தப் பெண் கதவோரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் சொன்னேன். அவருடைய விண்ணப்பத்தை முதலில் நான் ஒதுக்கியதையும், ஆள் குறைந்ததால் கூப்பிட்டதையும் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் அன்றைக்கு எதையும் விட்டுச் சொல்ல மனம் வரவில்லை.

அவர் கோபப்படவில்லை. "அன்னிக்கு வீட்டுக்கு வந்து நானும் என் கை மேலதான் சந்தேகப்பட்டேன் சார். மூணு நாளு தூக்கம் வரல. மெசேஜ் வந்ததும் சரி, நமக்குத்தான் மறந்துபோச்சுன்னு முடிவு பண்ணிட்டேன். அதனாலதான் ஸ்கூலுக்கு ஒத்துக்கிட்டேன்" என்றார்.

பிறகு, தேர்வான பையன் என்ன ஆனான் என்று கேட்டார். சொன்னேன். அவனுடைய இடத்தைப் பிடுங்கியதாக ஆகுமா என்றார். அது உங்கள் இடம்தான், நாங்கள்தான் மாற்றிக் கொடுத்துவிட்டோம் என்று நான் சொல்வதற்குள் மாமனார் முந்திக்கொண்டு, "ஒன்னோடத ஒனக்குக் குடுக்க வந்திருக்காரும்மா" என்றார்.

பள்ளிக்கூடத்துக்கு வாக்குக் கொடுத்திருப்பதால் வேறு ஆசிரியர் கிடைக்கும் வரை ஒரு மாதம் அங்கே போய்விட்டுத்தான் வருவேன் என்றார் அந்தப் பெண். ஆய்வகத்தில் ஏற்கெனவே ஆள் பற்றாக்குறை. ஆனாலும் சரி என்றேன். மேலாளர் அதற்கு என்னைக் கடிந்துகொண்டார். ஆய்வகத் தலைவி மட்டும், "வரட்டும் சார், நான் சமாளிச்சிக்கிறேன்" என்றார். அந்த ஒரு மாதமும் அவரே பகல் ஷிப்டில் நின்று வேலை செய்தார்.

பரங்கிப்பேட்டைப் பெண் சேர்ந்து இப்போது இரண்டாவது வருடம் நடக்கிறது. காலையில் முட்லூரில் பஸ் ஏறுவார். முன் சீட்டில் உட்காருவார். ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. உற்பத்திப் பிரிவில் இருப்பவர்கள் ஒரு பேட்சை அவசரமாக அனுப்ப வேண்டும் என்று வந்து நின்றால், ரிசல்ட் வந்ததும் தருகிறேன் என்பாரே தவிர அரை நிமிஷம் முன்னால் தர மாட்டார். இரண்டு தடவை என்னிடமே புகார் வந்தது. நான் ஆய்வகத் தலைவியிடம் அனுப்பிவிட்டேன்.

என் வேலையில் நான் மாற்றியது கொஞ்சம்தான். தேர்வுக்கு வைக்கும் பாட்டில்களில் இப்போது லேபிள் இருக்காது. மேஜையில் மூன்றாவது கட்டு இன்னும் இருக்கிறது, ஆனால் இடைவெளிக்காக யாரையும் அதில் போடுவதில்லை. படிப்புக்குப் பின் இடைவெளி இருந்தாலும் விண்ணப்பிக்கலாம் என்று அடுத்த விளம்பரத்தில் ஒரு வரி சேர்த்தேன். மேலாளர் அதை அடித்துவிட்டார். அப்படி எழுதினால் கூட்டம் ஜாஸ்தியாகும் என்றார். வரி போய்விட்டது. வருகிற தாள்களைப் பிரிப்பது நான்தானே என்று விட்டுவிட்டேன். அப்படி எடுத்தவர்கள் எல்லோரும் நன்றாக அமைந்துவிடவில்லை. ஒன்பது வருட இடைவெளியோடு வந்த ஒருவர் இரண்டே வாரத்தில் நின்றுவிட்டார்.

போன ஆடி மாதத்தில் ஆய்வகத்தில் இன்னொரு இடம் வந்தது. முதலில் சேத்தியாத்தோப்பு இளைஞனைத்தான் கூப்பிட்டேன். புதுச்சேரியில் ஒரு மருந்துக் கம்பெனியில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது என்றான். சம்பளம் நாங்கள் தரக்கூடியதைவிடக் கொஞ்சம் அதிகம். வேலை எப்படிப் போகிறது என்று கேட்டேன்.

"இங்க நான் எழுதுற ரீடிங்ல கையெழுத்துப் போட ஒருத்தர் இருக்காரு சார். மொத மாசம் மூணு தடவ திரும்பப் பண்ணச் சொல்லிட்டாரு" என்றான்.

"அப்பறம்?"

"பண்ணேன் சார். அவரு டைம் இல்லன்னு சொல்றதில்ல."

அம்மா எப்படி இருக்கிறார், வாரம் ஒரு முறை ஊருக்குப் போகிறாயா என்றெல்லாம் கொஞ்சம் பேசிவிட்டு போனை வைத்தேன். அந்த இடத்துக்கு வந்திருந்த விண்ணப்பங்கள் அச்செடுத்து முடிந்து, மேஜையில் சூடு ஆறாமல் கிடந்தன. முதல் தாளை எடுத்தேன்.